கல்நார்க் கூரையின் பிறப்புச் சான்றிதழ்

சில மாதங்களுக்கு முன்னர், கனடாவில் ஸ்காபரோவில் வசிக்கும் எனது ஒன்றுவிட்ட தம்பி ஒருநாள் இரவு தொலைபேசியில் அழைத்தார். அவர் வாங்கிய வீடு 1950களில் கட்டப்பட்டது. நிலக்கீழ் அறையின் கம்பளத்தைக் கிளப்பியபோது, கீழே கரும்பச்சை நிறத்தில் ஒன்பது அங்குலச் சதுர ஓடுகள் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தனவாம். இரண்டொன்று பெயர்ந்திருந்த இடத்தில் தார் போன்ற கறுத்தப் பசை தெரிந்ததாம். திருத்த வேலைக்கு வந்தவர் அதைக் கண்டதும் கருவிப்பெட்டியை மூடிவிட்டார். "ஆய்வுகூட அறிக்கை வரட்டும், அதன் பிறகுதான் கை வைப்பேன்" என்று சொல்லிப் போய்விட்டார்.

"அண்ணை, அது அஸ்பெஸ்ரஸ் ஓடெண்டு சொல்லுறாங்கள். எப்படிக் கண்டுபிடிக்கிறது? நீங்கள் பத்திரிகையில எழுதின ஆள், தெரிஞ்சிருக்கும்" என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பேச்சின் முடிவில் அவரே இன்னொரு விடயத்தையும் சொன்னார். இணுவிலில் உள்ள எங்கள் பெரியப்பாவின் பழைய வீட்டுக் கூரை ஒழுகுகிறது. சீற்றுகளை உடைத்துத் தள்ளிவிட்டு அமானோ தகடு போடுவதற்குப் பணம் அனுப்பியாயிற்று. நாளை மறுநாள் பெடியள் இருவர் வருவார்கள், ஒரே நாளில் உடைத்து முடித்துவிடுவார்கள், நான் ஒருக்கால் போய் மேற்பார்வை பார்த்தால் நல்லது.

ஸ்காபரோவில் பத்து ஓடுகளைப் பெயர்ப்பதற்கு ஆய்வுகூட அறிக்கை வேண்டும். இணுவிலில் ஒரு முழுக் கூரையை உடைப்பதற்கு ஒரு சுத்தியல் போதும். இரண்டிலும் இருப்பது ஒரே பொருள். இதை நான் சொன்னபோது மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. அந்த மௌனந்தான் இக்கட்டுரையை எழுத வைத்தது.

தமிழில் இப்பொருளுக்கு அருமையான ஒரு பெயர் உண்டு: கல்நார். கல்லாக இருக்கிறது; ஆனால் நாராக உரிகிறது. ஐரோப்பியர் வழங்கும் அஸ்பெஸ்ரஸ் என்ற பெயர் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. அணைக்கமுடியாதது என்பது அதன் பொருள். எங்கள் தலைமுறையினர் இதனை முதலில் தொட்டது கூரையில் அன்று, பாடசாலை இரசாயன ஆய்வுகூடத்தில். சுடரடுப்பின் மேல் முகவையை வைப்பதற்குக் கம்பிவலை ஒன்று இருக்கும். அதன் நடுவில் வெண்மையான வட்டமாகப் பூசப்பட்டிருந்தது கல்நார். விரலால் சுரண்டினால் பஞ்சுபோல உதிரும். நாங்கள் எல்லோரும் சுரண்டியிருக்கிறோம்.

கல்நாரில் மூன்று வகைகள் வணிகத்தில் பெரிதாகப் புழங்கின. வெள்ளை எனப்படும் கிறிசோரைல், பழுப்பு எனப்படும் அமோசைற், நீலம் எனப்படும் குரோசிடோலைற் என்பன அவை. தீயில் எரியாது, அமிலத்துக்கும் எளிதில் இளகாது, இழுவிசை தாங்கும், விலையோ மலிவு. இத்தனை குணங்களும் ஒருங்கே அமைந்த இன்னொரு பொருளைத் தொழிற்சாலைக்காரர் கண்டதில்லை. 1900ஆம் ஆண்டளவில் ஒஸ்திரியரான லுட்விக் ஹட்செக் என்பவர், கடதாசி செய்யும் இயந்திரத்தை மாற்றியமைத்து, சீமெந்தும் கல்நாரும் கலந்த கூழிலிருந்து மெல்லிய தகடுகளைச் செய்யும் முறையைக் கண்டார். அதற்கு அவர் சூட்டிய பெயர் எற்றேனிற். நித்தியமானது என்ற பொருள்படும் இலத்தீன் சொல்லை அடியாகக் கொண்ட பெயர் அது. நம் கூரைகளில் உள்ள சீற்றுகள் யாவும் அந்த ஒஸ்திரியரின் வாரிசுகளே. ஒரு சீற்றில் ஏறக்குறைய பத்திலொரு பங்கு கல்நார், மிகுதி சீமெந்து.

தரை ஓட்டின் கதை சற்றுப் பிந்தியது. 1933இல் சிக்காகோவில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் வைனில் தரை ஓடு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர் முடிந்து, வட அமெரிக்காவில் புறநகர் வீடுகள் ஆயிரமாயிரமாக எழுந்தபோது, கல்நார் கலந்த வைனில் ஓடு ஏறக்குறைய எல்லா வீடுகளுக்குள்ளும் புகுந்தது. நம்மவர்கள் 1983க்குப் பின்னர் சென்று குடியேறி, பாடுபட்டு உழைத்து வாங்கிய ரொறன்ரோ வீடுகளிற் பல அக்காலத்து வீடுகள். ஆகவே தம்பியின் கேள்வி அவருடைய கேள்வி மட்டும் அன்று.

அந்த ஓட்டைக் கண்ணால் பார்த்து முடிவுகூற இயலுமா? இயலாது. சந்தேகிக்கக் காரணங்களைத்தான் கண் கொடுக்கும். ஒன்பது அங்குலச் சதுரம் ஒரு காரணம். 1960கள் வரை அந்த அளவே பெருவழக்காக இருந்தது. பின்னர் வந்த பன்னிரண்டு அங்குல ஓடுகளிலும் 1980களின் முற்பகுதி வரை கல்நார் இருந்திருக்கலாம் என்பதால், அளவைக் கொண்டு யாரையும் விடுதலை செய்துவிட முடியாது. கறுத்தப் பசை இன்னொரு காரணம். பல வீடுகளில் ஓட்டில் மட்டுமன்றிப் பசையிலும் கல்நார் இருந்தது. ஆகவே ஓடு, பசை இரண்டையும் வெவ்வேறாகச் சோதிக்கவேண்டும்.

ஆய்வுகூடத்தில் நடப்பது இதுதான். துணுக்கை முதலில் சாதாரண உருப்பெருக்கியில் பார்த்து நார்க்கற்றைகளைத் தேடுவர். கண்டெடுத்த நாரை, ஒளிமுறிவுச் சுட்டி தெரிந்த எண்ணெய்த் துளியில் இட்டு, முனைவாக்கிய ஒளி நுணுக்குக்காட்டியின் கீழ் சுழற்றிப் பார்ப்பர். வெள்ளைக் கல்நாருக்கு 1.55 சுட்டியுடைய எண்ணெய் பொருந்தும். பழுப்பு, நீல வகைகளுக்கு 1.7ஐ அண்டிய எண்ணெய்கள் வேண்டும். எண்ணெயும் நாரும் பொருந்தும்போது தோன்றும் நிறங்கள் கைரேகைபோல அந்த நாரைக் காட்டிக்கொடுக்கும். கூரைச் சீற்றுக்கு இந்தச் சோதனை நன்கு உதவும். தரை ஓட்டில்தான் சிக்கல். ஓடு செய்யும்போது கல்நாரை மிக நுண்மையாக அரைத்து வைனிலுக்குள் புதைத்துவிடுவதால், ஒளி நுணுக்குக்காட்டியின் கண்ணுக்கு நார் தப்பிவிடும். அதனால் ஓட்டை 480 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கி வைனிலை எரித்து, மீதியில் உள்ள சுண்ணக்கல்லை ஐதரோகுளோரிக்கமிலத்தில் கரைத்து, எஞ்சியதை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்ப்பர். தரை ஓட்டைப் பொறுத்தமட்டில் முதற் சோதனையில் 'இல்லை' என்று வரும் விடை இறுதி விடை அன்று என்பதை நம்மவர்கள் நினைவில் வைத்திருப்பது நல்லது. தம்பியின் ஓட்டில் அது முதற் சோதனையிலேயே 'உண்டு' என்று வந்துவிட்டது, பசையிலும் உண்டு.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம்.

நம் குடாநாட்டு வீடுகளில் வைனில் ஓடு பரவவில்லை. சாணி மெழுகிய மண்தரை, அதன்பின் சீமெந்துத் தரை, வசதியுள்ளோர் வீடுகளில் சிவப்புச் சாயம் கலந்து கண்ணாடிபோல் மினுக்கிய சீமெந்து, அண்மைக்காலத்தில் பளிங்கு ஓடுகள் என்பதே நம் தரையின் வரலாறு. 1950ஆம் ஆண்டில் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிய பின்னர் சீமெந்துத் தரை எளியவர் வீட்டுக்கும் வந்தது. ஆகவே நமக்குக் கல்நார் காலடியில் இல்லை. தலைக்கு மேலே இருக்கிறது.

கூரையின் வரலாறு வேறு. கிடுகும் பனையோலையும் வேய்ந்த கூரைகளே நெடுங்காலம் பெரும்பான்மை. வசதியுள்ளோர் நாற்சார் வீடு கட்டிப் பீலி ஓடு போட்டனர். 1865இல் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜேர்மானியர் மங்களூரில் தட்டையோட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பின்னர், அந்த ஓடுகள் கடல்வழியாக நமது கரைக்கும் வந்தன. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது, ஓட்டின் அடிப்புறத்தில் தொழிற்சாலையின் பெயர் பொறித்திருப்பதை இன்றும் காணலாம். அந்த ஓடுகளுக்குக் கனமான மரவேலை வேண்டும். வளை, கைமரம், நெருக்கமாக அடித்த சலாகை எனப் பல பனைகளைத் தறித்தால்தான் ஓர் ஓட்டுக்கூரை நிற்கும்.

சீற்று இந்தக் கணக்கை மாற்றிற்று. நீளமான ஒரு தகடு, சில குறுக்கு மரங்கள், நான்கு கொளுக்கி ஆணிகள் போதும். ஓலைபோல ஆண்டுதோறும் மாற்றத் தேவையில்லை. தகரம்போல் துருப்பிடிக்காது, மழை பெய்தால் தகரம்போல் பேச்சைக் கெடுக்காது. முக்கியமாக, தீப்பிடிக்காது. அதன் பிறகு 1970களின் முற்பகுதி வந்தது. சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதால் வலிகாமத்துச் செம்மண்ணில் விளைந்த வெங்காயமும் மிளகாயும் பொன்னாக விலைபோயின. அந்த வெங்காயக் காசில் எழுந்த கல்வீடுகள் குடாநாடெங்கும் உண்டு. வீட்டின் முகப்பில் ஆண்டைச் சீமெந்தில் பொறிப்பது அக்காலத்து வழக்கம். இணுவிலில் எங்கள் பெரியப்பாவின் வீட்டு முகப்பில் இருப்பது 1973.

முகப்பில் ஆண்டு இருக்கிறதே, கூரையின் வயதைக் கண்டுபிடிக்க வேறென்ன வேண்டும் என்று வெளிநாட்டில் உள்ளவர் கேட்கலாம். அங்கே வீட்டின் வயது தெரிந்தால் ஓட்டின் வயது தெரியும். இங்கே அப்படியன்று. யாழ்ப்பாணத்தில் வீடு ஓரிடத்தில் நின்றது. கூரை நடந்து திரிந்தது.

1987இல் எறிகணைகள் விழுந்த காலத்தில் உடைந்த சீற்றுகளுக்குப் பதிலாகப் புதிய சீற்றுகள் போடப்பட்டன. 1990இல் இரண்டாம் கட்ட ஈழப்போர் தொடங்கியதும் காங்கேசன்துறைத் தொழிற்சாலை நின்றது. வலிகாமம் வடக்கு மக்கள் கையில் அகப்பட்டதோடு வெளியேறினர். பொருளாதாரத் தடைப் பட்டியலில் எரிபொருள், மின்கலம் என்பவற்றோடு சீமெந்தும் இருந்தது. கட்டடப்பொருள் எதுவும் வராத அந்த ஆண்டுகளில், ஆளில்லாத வீட்டின் கூரை ஆளுள்ள வீட்டின் கூரையாயிற்று. விற்றவரும் இருந்தனர், கேட்காமல் எடுத்தவரும் இருந்தனர். அக்காலத்துப் பஞ்சத்தை அறிந்தவர்கள் யாரையும் இலகுவில் குற்றஞ்சாட்டமாட்டார்கள். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து தென்மராட்சிக்கும் அப்பாலுக்கும் நடந்தது. 1996இல் திரும்பி வந்தவர்கள் கண்ட வீடுகளிற் பலவற்றுக்குக் கதவும் இல்லை, நிலையும் இல்லை, கூரையும் இல்லை. பின்னர் 2008இல் வன்னியிலும் இதுவே நடந்தது. கிளிநொச்சி மக்கள் கூரைகளைக் கழற்றி உழவு இயந்திரங்களில் ஏற்றிக்கொண்டு கிழக்கே போயினர். 2009 ஜனவரி 2இல் படையினர் அந்நகருக்குள் புகுந்தபோது அங்கே எஞ்சி நின்றவை பெரும்பாலும் சுவர்களே.

அந்நாட்களில் செய்தி சேகரிக்கப் போன இடங்களில் ஒரு சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். வீடு எரியும்போது கல்நார்ச் சீற்று, சூடேறி வெடிக்கும். தூரத்தில் கேட்பவருக்குத் துப்பாக்கிச் சூடுபோல இருக்கும். 'தீப்பிடிக்காத' சீற்று தீயில் வெடித்துத் துகளாகி முற்றமெல்லாம் சிதறும். மறுநாள் வீட்டுக்காரப் பெண் விளக்குமாறு கொண்டு அதனைக் கூட்டிக்கொண்டிருப்பார். தூசி எழும்பும். நாங்கள் அருகில் நின்று குறிப்பெடுத்துக்கொண்டிருப்போம். எறிகணையைப் பற்றி எழுதினோம், தூசியைப் பற்றி எழுதவில்லை. அது ஒரு செய்தி என்று அப்போது எங்களில் எவருக்கும் தோன்றவில்லை.

தோன்றியிருக்க வேண்டும். ஏனெனில் அச்செய்தி அப்போதே பழையது. இங்கிலாந்தின் றொச்டேல் நகரில் கல்நார் நூற்பாலையில் வேலை செய்த நெல்லி கேர்ஷோ என்ற பெண் 1924இல், 33 வயதில் இறந்தார். அவருடைய நுரையீரலை ஆராய்ந்த மருத்துவர் கூக் அதில் கல்நார்த் துகள்களைக் கண்டு மருத்துவ இதழில் எழுதினார். 1930இல் பிரித்தானிய அரசுக்காக மெரிவெதர், பிறைஸ் என்போர் செய்த ஆய்வு, பரிசோதித்த தொழிலாளரில் நான்கிலொருவருக்கு நுரையீரல் நார்த்தழும்பு இருப்பதைக் காட்டியது. மறு ஆண்டே அங்கு ஒழுங்குவிதிகள் வந்தன. 1955இல் றிச்சட் டோல் நுரையீரற் புற்றுநோயோடு உள்ள தொடர்பை நிறுவினார். 1960இல் தென்னாபிரிக்காவில் வாக்னரும் அவரது துணைவர்களும் வெளியிட்ட ஆய்வு எல்லாவற்றையும்விட அதிர்ச்சியானது. நுரையீரலைச் சூழ்ந்த மென்சவ்வில் வரும் அரிய புற்றுநோய் கண்ட 33 பேரை அவர்கள் விவரித்தனர். அவர்களிற் பலர் சுரங்கத்தில் ஒருநாளும் வேலை செய்தவர்கள் அல்லர். நீலக் கல்நார்ச் சுரங்கத்தின் அயலில் வாழ்ந்தவர்கள், சிறுபிராயத்தில் அங்கே விளையாடியவர்கள்.

இந்நோய் உடனே வராது என்பதுதான் இதன் கொடுமை. நாரைச் சுவாசித்த நாளுக்கும் நோய் வெளிப்படும் நாளுக்கும் இடையே இருபது முதல் ஐம்பது ஆண்டுகள் வரை செல்லும். அதற்குள் தொழிலாளி தொழிலை மாற்றியிருப்பார், ஊரை மாற்றியிருப்பார், சில வேளை நாட்டையே மாற்றியிருப்பார். தொழிலிடத்துக் கல்நாரால் ஆண்டுதோறும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் உலகெங்கும் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. நோர்வே 1984இல் தடைசெய்தது. பிரித்தானியா நீலத்தையும் பழுப்பையும் 1985இலும் வெள்ளையை 1999இலும் தடைசெய்தது. அவுஸ்திரேலியாவில் 2003ஆம் ஆண்டின் இறுதிநாளோடு முற்றுத்தடை. உலகுக்கு நெடுங்காலம் கல்நார் ஏற்றுமதி செய்த கனடாவும் 2018இல் தடைசெய்தது. கியூபெக் மாகாணத்தில் அஸ்பெஸ்ரஸ் என்றே பெயர் வைத்திருந்த சுரங்க நகரம் 2020இல் தன் பெயரையே மாற்றிக்கொண்டது. நம்மவர் புலம்பெயர்ந்து வாழும் நாடுகளிற் பெரும்பாலானவை இந்தப் பட்டியலில் உண்டு. பிறந்த நாடு இல்லை.

இலங்கை 1987இல் நீலக் கல்நாரின் இறக்குமதியைத் தடைசெய்தது. வெள்ளை தொடர்ந்து வந்தது. மைத்திரிபால சிறிசேன ஜனாதிபதியாக இருந்த காலத்தில், 2018 ஜனவரி முதல் இறக்குமதியைக் கட்டுப்படுத்தி, 2024இல் முற்றாக நிறுத்துவது என்று அறிவிக்கப்பட்டது. அதற்கு இரண்டு வாரங்களே இருந்த நிலையில், 2017 டிசம்பரில், இலங்கைத் தேயிலைப் பொதியொன்றில் வண்டு காணப்பட்டதாகக் கூறி, தேயிலை இறக்குமதிக்கு ரஷ்யா தற்காலிகத் தடை விதித்தது. உலகில் கல்நாரைப் பெருமளவு தோண்டி விற்கும் நாடு ரஷ்யா. நமது தேயிலையைப் பெருமளவு வாங்கும் நாடுகளில் ஒன்றும் அதுவே. கொழும்பு பேச்சுவார்த்தைக்கு விரைந்தது. கல்நார்க் கட்டுப்பாட்டை ஒத்திவைத்தது. அந்த மாதம் முடிவதற்குள் தேயிலைத் தடை நீங்கிற்று. வண்டுக்கும் கூரைக்கும் என்ன தொடர்பு என்பதை, நாட்காட்டியைப் புரட்டத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. 2024இல் வருமென்ற முற்றுத்தடையும் வரவில்லை.

தேயிலை விற்காவிட்டால் மலையகத்துத் தொழிலாளியின் அடுப்பு எரியாது, அதுவும் உண்மையே. ஆனால் அந்தத் தொழிலாளியின் பேரனும் யாழ்ப்பாணத்துக் கூலித் தொழிலாளியின் மகனும் சுவாசிக்கும் தூசி பேரத்தில் வைக்கப்பட்டபோது, அவர்களை யாரும் கேட்கவில்லை என்பதும் உண்மை.

சரி, பெரியப்பாவின் கூரைக்கு வருகிறேன். மறுநாட் காலை இணுவிலுக்குப் போனேன். ஆய்வுகூடத்துக்கு அனுப்பி விடை காத்திருக்க அவகாசமில்லை. ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே தொழிலைச் செய்தேன்: விசாரித்தேன். கட்டட வேலைக்கான பற்றுச்சீட்டுகள் எதுவும் இல்லை. பெரியப்பாவின் கணக்குக் கொப்பிகள் 1995 இடப்பெயர்வோடு போய்விட்டன. இருந்தவர் சின்னம்மா ஒருவரே. வயது எண்பத்தாறு. முற்றத்தில் கதிரையைப் போட்டு அமர்ந்து, கைத்தடியால் கூரையைச் சுட்டிக்காட்டிச் சொல்லிக்கொண்டே போனார்.

"உந்த விறாந்தைப் பக்கம் இருக்கிறது வீடு கட்டேக்க போட்டது. கொழும்பிலயிருந்து லொறியில வந்தது. மிளகாய்க் காசு. அறைக்கு மேல இருக்கிறது இந்திய ஆமி வந்த வருஷம் செல் விழுந்தாப்பிறகு மாத்தினது. குசினிப் பக்கம் தொண்ணூற்றாறில வந்து பாத்தா ஒண்டுமில்லை. ஆரோ வண்டிலில கொண்டுவந்து வித்தவை, வாங்கிப் போட்டம். எந்த வீட்டுக் கூரையோ, அந்தச் சனம் எங்க இருக்குதோ தெரியாது."

அண்ணாந்து பார்த்தபோது அவர் சொன்னது அப்படியே தெரிந்தது. மூன்று பகுதிகளுக்கும் நிறம் வேறு, அலையின் அகலமும் வேறு. குசினிப் பக்கத்துச் சீற்றுகளில் இப்போதைய மரங்களுக்குப் பொருந்தாத பழைய ஆணித்துளைகள் இருந்தன. அவற்றைச் சீமெந்தால் அடைத்திருந்தார்கள். எந்த வீட்டின் வளையிலோ இருந்த துளைகள் அவை. ஒரு கூரையில் நம் ஊரின் இருபத்தைந்து ஆண்டுச் சரித்திரம் கிடந்தது.

இப்படி விசாரிப்பதால் என்ன பயன்? பயன் உண்டு. விறாந்தைச் சீற்று 1973க்கு உரியது. நீலக் கல்நார் தடைக்கு முந்தியது. ஆகவே எந்த வகை நாரும் அதில் இருக்கக்கூடும். அறைச் சீற்று 1987க்கு உரியது, எல்லைக்கோட்டில் நிற்பது. குசினிச் சீற்றுக்குப் பிறப்புச் சான்றிதழே இல்லை. கல்நார் அற்றது என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டு விற்கப்பட்ட புதிய சீற்று என்பதற்கு எழுத்திலான சான்று இருந்தாலொழிய, நம் நாட்டில் அலைச்சீற்று எதையும் கல்நார்ச் சீற்று என்றே கொள்ளவேண்டும். 'நிரூபிக்கப்படும்வரை நிரபராதி' என்ற நீதிமன்ற விதி இங்கே தலைகீழ். வெள்ளைதானே, தீங்கு குறைவு என்று சமாதானம் சொல்வதும் சரியன்று. எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் என்பதே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரத்தின் முடிவு.

அதற்காக, கல்நார்க் கூரையின் கீழ் வசிப்போர் இன்றிரவே வீட்டைவிட்டு ஓடவேண்டியதில்லை. முழுமையாக, உடையாமல் இருக்கும் சீற்றில் நார் சீமெந்துக்குள் கட்டுண்டு கிடக்கிறது. அதை விடுவிப்பது நாம்தான்: வாளால் அறுக்கும்போது, துளையிடும்போது, சுத்தியலால் உடைக்கும்போது, மாரி முடிந்ததும் ஏறிப் பாசியைக் கம்பித் தூரிகையால் வறட்டுரசல் உரசும்போது, விழுந்த துகளை விளக்குமாறால் கூட்டும்போது. அன்றியும் பல பத்தாண்டு வெயிலிலும் மழையிலும் மேற்பரப்புச் சீமெந்து கரைந்து, நார் தானாகவே வெளித்தெரியும் பழங் கூரைகள் உண்டு. கையால் தடவினால் மாப்போல ஒட்டும். அவற்றை வைத்திருப்பதிலும் முறையாக இறக்குவதே நன்று. உடைந்த துண்டுகளை வேலிக்கு மறைப்பாகவும் ஆட்டுக்கொட்டிலுக்குக் கூரையாகவும் பாதைக் குழிக்கு நிரப்பாகவும் பயன்படுத்துவதை இன்றும் ஊரெங்கும் காண்கிறேன். பாதைக் குழியில் போட்ட துண்டு, வாகனச் சில்லுகளின் கீழ் நாளாந்தம் மாவாகிறது.

வேலைக்கு வந்த பெடியள் இருவரும் ஏற்கெனவே ஏணியைச் சாத்தியிருந்தனர். காலில் செருப்புமில்லை. ஒருவர் தோளில் பெரிய சுத்தியல். நிறுத்தச் சொன்னேன். ஸ்காபரோவுக்கு அழைப்பெடுத்தேன். அங்கே நள்ளிரவு. "எவ்வளவு நாள் கூடச் செல்லும்?" என்று மட்டுமே தம்பி கேட்டார். அவருடைய நிலக்கீழ் அறையின் பத்து ஓடுகளை அகற்றுவதற்குக் கேட்கப்பட்ட தொகை, இணுவில் வேலை முழுவதற்கும் அனுப்பிய தொகையிலும் கூடியது என்று அவரே சொன்னார்.

ஒரு நாள் வேலை ஐந்து நாளாயிற்று. தரமான முகக்கவசங்கள் வாங்கினோம். கிணற்று நீரில் சிறிது சவர்க்காரம் கலந்து, குழாயால் கூரையை ஊற நனைத்தோம். ஆணிகளை வெட்டி விலக்கி, சீற்றுகளை ஒவ்வொன்றாக முழுதாக இறக்கினோம், எறியவில்லை. உடைந்தவற்றை ஈரத்தோடு பொறுக்கித் தடித்த பொலித்தீனில் இரட்டையாகச் சுற்றினோம். கூட்டுவதற்குப் பதிலாக ஈரத் துணியால் துடைத்தோம். துணியையும் அதனோடேயே பொதி செய்தோம். அடுத்த வீட்டுப் பிள்ளைகளை அந்நாட்களில் அப்பக்கம் விடவில்லை. பொதிகளை, கிணற்றுக்கு எதிர்ப்புறமான மூலையில், இனி யாரும் தோண்டத் தேவையில்லாத இடத்தில் ஆழக் குழிவெட்டிப் புதைத்தோம். எந்த இடமென்று ஒரு தாளில் எழுதி, காணி உறுதியோடு சேர்த்து வைத்திருக்கிறேன். கொப்பிகள் தொலைந்தால் அடுத்த தலைமுறை சின்னம்மாவைத் தேடவேண்டி வருமே என்ற கவலைதான். இதெல்லாம் தனி ஒருவர் தன் காணிக்குள் செய்யக்கூடிய ஒழுங்கு மட்டுமே. முறையாகப் பார்த்தால் கழிவைப் பொறுப்பேற்கும் ஓரிடத்தை ஊராட்சி சபைகள் ஒழுங்குசெய்து தரவேண்டும்.

இதை வாசிக்கும் புலம்பெயர்ந்த அன்பர்களிடம் ஒன்று கேட்பேன். ஊர் வீட்டைத் திருத்தப் பணம் அனுப்பும்போது, கூரையை எப்படி இறக்கப்போகிறார்கள் என்ற கேள்வியையும் சேர்த்து அனுப்புங்கள். நீங்கள் வாழும் நாட்டில் உங்கள் பிள்ளை அருகில் நிற்கவும் சட்டம் அனுமதிக்காத வேலையை, இங்கே இன்னொருவர் பிள்ளை உங்கள் பணத்துக்காகச் செய்கிறது. சில நாட் கூலி கூடச் செல்லும், அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் மாலை, கைகால் கழுவிவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, இருவரில் இளையவர், இருபத்திரண்டு வயதிருக்கும், என்னிடம் மெல்லக் கேட்டார்:

"ஐயா, நாங்கள் போன வருஷம் மட்டும் எத்தினை வீட்டுக் கூரை உடைச்சிருப்பம் தெரியுமோ? அதுக்கு இனி என்ன செய்யலாம்?"

உடைத்ததை மாற்ற இயலாது, புகைபிடிப்பதை விட்டுவிடுங்கள், எங்கெங்கே வேலை செய்தீர்கள் என்று ஒரு கொப்பியில் ஆண்டோடு எழுதி வையுங்கள், நெஞ்சு நோவென்று எப்போதாவது மருத்துவரிடம் போனால் அந்தக் கொப்பியைக் காட்டுங்கள் என்றேன். அவர் தலையாட்டினார். ஐம்பது ஆண்டுகள் வரை பொறுத்திருக்கக்கூடிய நோய்க்கு எதிராக என்னால் கொடுக்க முடிந்தது அந்த ஒரு கொப்பி மட்டுமே.